வீட்டிற்கும் ஒரு புதுக்குப்புறம்

(ஊத்துக்குளியில் குடும்பங்கள் கூடிய விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் பேசத்தக்க பொருள்கள் பல இருக்க, மோட்டார், மொட்டை மாடி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றைப் பற்றிய பேச்சு எதற்கு என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். ஆனால் இப்பொருள் அவைகளுக்குப் புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டப்பட்ட பொருள் இது. தமிழகக் கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ என்றொரு சொல் வருகிறது. கோயிலைப் புதுக்குவதற்கென்றே, அதாவது பழுது பார்ப்பதற்கென்றே, தனியாக விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். பூசைக்கு ஒரு நிலம், விளக்கிற்கு ஒரு கொடை, பழுதுக்கு வேறொரு நிலம் என்று முன்னோர் பிரித்து வைத்தனர். இடிந்த பின் நன்கொடை திரட்டலாம் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. கட்டி முடித்த கட்டடம் அன்றே தேயத் தொடங்கிவிடுகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

விளக்கிற்கு விடப்பட்ட கொடையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரு நந்தா விளக்கிற்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதி வைத்தனர். ஆடு சாகாது, மூப்படையாது என்பதன்று இதன் கருத்து. சாகும் ஆட்டிற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும். நெய் மட்டுமே செலவாக வேண்டும் என்பதே ஏற்பாடு. முதலைத் தின்னாமல் பயனை நுகரும் இக்கணக்கை இன்றைய வங்கியாளரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்று ஆண்டுதோறும் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. உடைப்பு நேர்ந்த பின் கூடிய கூட்டமன்று அது. உடைப்பு நேராமற் காப்பதற்கென்று ஆண்டு முழுதும் இருந்த குழு. ஊத்துக்குளிக்கு அண்மையில் விசயமங்கலத்தில் நிற்கும் சந்திரப்பிரபர் கோயிலும், பல தலைமுறையினர் தத்தம் காலத்தில் செய்த திருப்பணிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த கட்டடமே.

பொதுக் கட்டடத்திற்கு இத்தனை முன்னேற்பாடு செய்த மரபில் வந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டிற்கு எதனை ஒதுக்கி வைக்கின்றனர்?

பெரும்பாலான இல்லங்களில் ஒதுக்கீடு ஏதும் இல்லை என்பதே விடை. வீட்டுக் கடன் தவணை எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் கல்விக் கட்டணம் எழுதப்பட்டிருக்கிறது. மளிகை, பால், மின்கட்டணம் யாவும் எழுதப்பட்டிருக்கின்றன. மொட்டை மாடியின் தட்டோடு மட்டும் எவர் கணக்கிலும் இல்லை. மோட்டார் நின்ற அன்று அது ‘எதிர்பாராத செலவு’ என்று பெயர் பெறுகிறது. எட்டாண்டு, பத்தாண்டு நீரில் மூழ்கி ஓடிய பொறி நிற்பதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? நாள் மட்டுமே தெரியாது. நிற்கும் என்பது இறக்கிய அன்றே தெரியும்.

வியப்பு என்னவெனில், இக்கணக்கை இவ்வட்டாரத்தார் அறியாதவர்கள் அல்லர். பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுபவரைக் கேட்டால், ஊசி தேய்ந்து துணியில் கோடு விழும் வரை காத்திருப்பது எத்தகைய நட்டம் என்று விளக்குவார். கணக்கர் ஆண்டுதோறும் இயந்திரத் தேய்மானத்தைத் தவறாது எழுதுகிறார். அதே மனிதர் மாலையில் வீடு திரும்பி, படுக்கையறைக் கூரையில் படர்ந்த ஈரத்தைக் கண்டு, “அடுத்த ஆண்டு பார்த்துக் கொள்ளலாம்” என்கிறார். தொழிலுக்கு ஒரு கணக்கு, இல்லத்திற்கு வேறொரு கணக்கு.

இவ்வட்டாரத்திற்கென ஒரு தனி இடரும் உண்டு. அது தண்ணீர். நொய்யலாற்றில் சாயக் கழிவு கலந்த வரலாறும், 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவு தேங்கும் இடமாய்ப் போன கதையும், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் அவையோர் அறிந்தவை. நீதிமன்றத்தையும் அணையையும் விட்டு, குளியலறைக் குழாய்க்கு வருவோர்க்கு எஞ்சுவது உப்புத் தண்ணீரே. ஆழ்துளைக் கிணற்றில் உப்பு மிகுந்த இடங்களில் இரும்புக் குழாய் தன் இயல்பான ஆயுளை முடிப்பதில்லை. வெந்நீர்க் கலனின் உட்புறம் சுண்ணாம்பு படிந்து, மின்சாரம் அதிகம் செலவாகிறது. மோட்டாரின் உள்ளுறுப்புகள் விரைவில் அரிக்கின்றன. ஆகவே விளம்பரத்தில் சொல்லப்படும் ஆண்டுக் கணக்கை அப்படியே நம்பாமல், தெருவில் உள்ளவர்களின் மோட்டார் எத்தனை ஆண்டு ஓடிற்று என்று கேட்டு எழுதிக் கொள்வதே மெய்யான அளவாகும்.

இனிக் கணக்கிற்கு வரலாம். 30 இலட்சம் ரூபாய்க் கட்டுமானச் செலவில் எழுந்த ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்க. தொகைகள் விளக்கத்திற்கானவை, இடத்திற்கும் அளவிற்கும் ஏற்ப மாறும். மோட்டாரை மாற்ற 40,000 ரூபாய், எட்டாண்டு ஓடும் எனில் ஆண்டிற்கு 5,000. மொட்டை மாடியில் பழைய சுருக்கித் தளத்தைப் பெயர்த்துத் தட்டோடு புதிதாகப் பதிக்க 1,50,000, பதினைந்தாண்டு தாங்கும் எனில் ஆண்டிற்கு 10,000. மின் இணைப்புக் கம்பிகள் அனைத்தையும் மாற்ற 2,00,000, இருபத்தைந்தாண்டிற்கு ஒருமுறை எனில் 8,000. குழாய்களும் மேல்நிலைத் தொட்டியும் 1,20,000, பதினைந்தாண்டு எனில் 8,000. இந்நான்கும் சேர்ந்து ஆண்டிற்கு 31,000 ரூபாய். வெளிப்பூச்சு வண்ணம் 90,000, ஆறாண்டு எனில் 15,000; இன்வெர்ட்டர் பேட்டரி 16,000, நான்காண்டு எனில் 4,000. ஆக மொத்தம் ஆண்டிற்கு 50,000. மாதம் ஏறத்தாழ 4,170 ரூபாய்.

இத்தொகை மிகை என்று தோன்றுமாயின் வேறோர் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். மகாராட்டிர மாநிலத்தின் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான மாதிரித் துணை விதிகள், பழுதுபார்ப்பு நிதிக்கென ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டிற்கு 0.75 விழுக்காடும், பெரும் புதுப்பிப்புக்கான மூழ்கு நிதிக்கென 0.25 விழுக்காடும் குறைந்த அளவாக வசூலிக்கச் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு விழுக்காடு. 30 இலட்சத்திற்கு 30,000. மேலே வண்ணமும் பேட்டரியும் நீங்கலாக வந்த 31,000க்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மேலை நாட்டு நூல்கள் வீட்டின் விலையில் ஒரு விழுக்காடு என்று எழுதுகின்றன. இந்நாட்டில் விலையின் பெரும்பகுதி மனைக்குரியது, மனை ஒழுகுவதில்லை. எனவே கட்டுமானச் செலவை, அதுவும் இன்று கட்டினால் ஆகும் செலவை, அடிப்படையாகக் கொள்வதே பொருந்தும்.

விலைவாசி ஆண்டிற்கு 6 விழுக்காடு ஏறுமானால் பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரட்டிக்கும். இன்று ஒன்றரை இலட்சத்தில் முடியும் தளவேலை அன்று மூன்று இலட்சம் கேட்கும். ஊதியம் உயரும் ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீடும் உயர வேண்டும் என்பது இதனால் பெறப்படும். அஞ்சலகத் தொடர் வைப்பு, வங்கி வைப்பு ஆகியவை இதற்குப் போதும். பெரிய ஈட்டம் தேடும் இடமன்று இது. ஏலச்சீட்டில் போடுவோர் உண்டு. கூரை ஒழுகும் மாதத்தில் தள்ளிக் கேட்டு எடுக்கும் சீட்டு எவ்வளவு குறைந்து கைக்கு வரும் என்பதை அவர்களே அறிவர். பொன்னை நம்பியிருப்போர் இன்னும் மிகுதி. மோட்டாருக்காக அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் மனைவியின் வளையலே. வீட்டுப் பத்திரத்தில் பெயர் இல்லாதவரின் நகை வீட்டைத் தாங்குகிறது என்பதை ஆடவர் சற்று எண்ணிப் பார்க்கலாம். கணக்கு இருவர் பெயரிலும், இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற முறையில் இருப்பது நல்லது.

ஆனால் மேற்சொன்ன கணக்கு புதுவீட்டுக்காரருக்கே எளிது. பத்தாண்டு ஒன்றும் ஒதுக்காமல் விட்டவருக்குத் தளத்திற்கு எஞ்சியிருப்பது ஐந்தாண்டு. 10,000 அன்று, ஆண்டிற்கு 30,000 தேவைப்படும். அந்நிலையில் இருப்போர் அனைத்தையும் ஒருங்கே தொடங்க இயலாது. எது முந்த வேண்டும் என்று வரிசைப்படுத்த வேண்டும். உயிருக்கு ஊறு செய்வது முதலாவது. நில இணைப்பு இல்லாத பழைய மின்கம்பிகள் இவ்வகை. விரிசல் விட்டுக் காரை உதிரும் சன்ஷேடும் இவ்வகையே. உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துக் காரையைத் தள்ளுகிறது, அதன் கீழே பிள்ளைகள் விளையாடுகின்றனர். தண்ணீர் உட்புகும் வழி இரண்டாவது. ஏனெனில் ஏனைய கேடுகளில் பாதி நீரால் வருவன. வண்ணம் கடைசி. நடைமுறையிலோ இது தலைகீழாக நிகழ்கிறது. வீட்டில் திருமணம் வருகிறது. ஈரம் ஊறிய சுவரின்மேல் புது வண்ணம் ஏறுகிறது. ஐப்பசி மழையில் அது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. விருந்தினர் சுவரைப் பார்ப்பர், மொட்டை மாடிக்கு எவரும் ஏறிப் பார்ப்பதில்லை என்பது தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

வாடகைக்கு லைன் வீடுகள் விட்டிருப்போர்க்கு ஒரு சொல். வாடகை வருமானத்தில் வீட்டுவரி போக எஞ்சியதில் 30 விழுக்காட்டை, இரசீது ஏதும் கேளாமலே வருமான வரிச் சட்டம் கழித்து விடுகிறது. பழுதுபார்ப்பு முதலியவற்றை மனத்திற்கொண்டு தரப்படும் கழிவு அது. அரசு கழித்த தொகையை உரிமையாளர் உண்டுவிட்டு, குடியிருக்கும் தொழிலாளிக்குக் கழிப்பறைக் கதவு இல்லை என்பது முறையாகாது.

அடுக்குமாடியில் வாழ்வோரின் நிலை வேறு. அங்கே ஒருவர் ஒதுக்கினால் போதாது. 2016ஆம் ஆண்டின் நிலம், கட்டடம் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் வெளிப்படும் கட்டுமானக் குறைகளைக் கட்டியவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆறாம் ஆண்டிலிருந்து பொறுப்பு குடியிருப்போருடையது. அங்கே மாதக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்பதே கூட்டங்களின் ஒரே குரலாக ஒலிக்கிறது.

அக்குரல் எங்கே கொண்டு விடும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைடு என்னும் ஊரில் ஒரு சான்று உண்டு. சாம்பிளைன் டவர்ஸ் சவுத் என்ற பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு 1981இல் கட்டப்பட்டது. 136 வீடுகள். 2018இல் ஆய்ந்த பொறியாளர், நீச்சல் குளத் தளத்தின் கீழ் நீர்க்காப்பு பழுதாகிவிட்டது, காரை சிதைகிறது என்று எழுதிக் கொடுத்தார். கையிருப்பு நிதியோ தேவையில் மிகச் சிறு பங்கு. உரிமையாளர்கள் கூடினர், வாதிட்டனர், நிர்வாகக் குழுவினர் விலகினர். 2021இல் ஒன்றரைக் கோடி டாலர் வேலைக்கு ஒப்புதல் கிடைத்தது. கூரைவேலை தொடங்கியிருந்த வேளையில், அவ்வாண்டு சூன் 24 அன்று விடியுமுன் கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்தது. 98 பேர் மாண்டனர். வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்றும் ஆய்வாளர் கண்டுள்ளனர். எனவே பணமின்மை ஒன்றே காரணம் என்பது மிகையாகும். ஆனால் மூன்றாண்டுக் காலம் எச்சரிக்கை கையில் இருந்தும் அவர்களால் விரைய முடியாமற்போனதற்கு, சேர்த்து வைக்காத நிதியும் ஒரு காரணம். மறு ஆண்டே அம்மாநிலம் சட்டம் இயற்றி, மூன்று மாடியும் அதற்கு மேலும் கொண்ட குடியிருப்புகளின் கட்டமைப்புக்கான இருப்பு நிதியை உரிமையாளர்கள் வாக்களித்துத் தள்ளுபடி செய்யும் வழக்கத்திற்கு முடிவு கட்டியது.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. அதே 2021 திசம்பர் 27 அன்று சென்னைத் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தோர் முன்னரே வெளியேறியமையால் உயிர்கள் தப்பின.

பொருள்வரையறை நோன்பு கொண்டோர் சிலர், இவ்வாறு சேர்ப்பதும் பற்று அன்றோ என்று வினவுவர். ஏற்கெனவே தேய்ந்துவிட்ட பகுதிக்கு உரிய தொகை சேமிப்பு ஆகாது. அது கொடுக்க வேண்டிய கடன். பெரிய வீடு கட்டி அதனைப் பேண இயலாதிருப்பதைவிட, பேணத்தக்க அளவில் கட்டுவதே அந்நோன்பிற்கு அணுக்கமானது.

கொல்லாமையும் இக்கணக்கில் வந்து சேர்கிறது. கரையான் ஈரத்தைத் தேடி வருவது. சுவருக்குள் கசியும் குழாயை உரிய காலத்தில் மாற்றி, மர அலமாரியை ஈரச் சுவரிலிருந்து விலக்கி, தரையோடு ஒட்டிய மரத்தை அகற்றினால் பெரும்பாலும் அது வருவதில்லை. சிறு செலவைத் தள்ளிப் போட்டவர் பின்னர் ஆளை அழைத்துத் தரையைத் துளைத்து நஞ்சு ஊற்றுகிறார். தண்ணீரை வடிகட்டிப் பருகும் இல்லத்தில், மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டியும் அதில் நெளியும் கொசுப்புழுவும் இருப்பது எத்துணை முரண்! கழிவுநீர்த் தொட்டியோ இன்னும் கொடியது. இரண்டு மூன்று ஆண்டிற்கு ஒருமுறை உறிஞ்சு வண்டியை அழைத்தால் சில ஆயிரத்தில் முடியும். விட்டுவிட்டால் கசடு இறுகி, குழாய் இறங்காது. அப்போது எவரோ ஒருவரை உள்ளே இறக்கும் எண்ணம் தலை காட்டுகிறது. 2013ஆம் ஆண்டின் சட்டம் அதனைக் குற்றமாக்கியுள்ளது. நச்சுக் காற்றில் மாண்டோர் செய்தி தமிழகத்தில் ஓய்ந்தபாடில்லை. எறும்பிற்கு வழிவிட்டு நடப்பவர் வீட்டு வாயிலில் அது நிகழலாகாது. வண்டி வந்த தேதியை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது இத்தனையையும் தடுக்கும்.

அக்குறிப்பேட்டில் இன்னும் சில இருக்க வேண்டும். மோட்டார் எத்தனை அடியில் நிற்கிறது, எந்த ஆண்டு இறக்கியது, எத்தனை குதிரைத்திறன், குழாய்கள் எச்சுவரின் வழியே செல்கின்றன, செப்டிக் டேங்க் மூடி எந்த ஓட்டின் கீழ் உள்ளது. பல வீடுகளில் இவை குடும்பத் தலைவரின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர் திடீரென மறைந்தால், துக்கத்தின் பதினாறாம் நாளில் தண்ணீர் வராமல் நிற்கும் மனைவி எவரைக் கேட்பார்? மொட்டை மாடியைப் புரட்டாசிக்குள் ஒருமுறை ஏறிப் பார்த்து, வடிகுழாய் வாயிலில் அடைத்த சருகை அகற்றி, காரை விட்ட இணைப்புகளைக் குறித்துக் கொள்ளும் வேலைக்குப் பணமும் வேண்டியதில்லை.

இறுதியாக, பிறந்த ஊர் வீடு. பிழைப்பிற்காக இப்பகுதிக்கு வந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவற்றிற்கு வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பக்கத்தில் ஓட்டுவீடு ஒன்று உண்டு. அங்கே மூத்த தாய் ஒருவர் தனித்திருப்பார். பிள்ளைகள் நால்வர் எனில் வீடு நால்வருக்கும் உரியது. பழுது எவருக்கும் உரியதன்று. “பாகம் பிரிக்கட்டும், பிறகு செலவு செய்யலாம்” என்று ஒவ்வொருவரும் காத்திருக்க, ரீப்பர் உளுத்து ஓடு சரிகிறது. பெண்மக்களுக்கும் அதில் பங்குண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணருக்கும் பொருந்துவது, தமிழ்நாடு 1989லும் நடுவணரசு 2005லும் அதனைத் திருத்தின. பங்குண்டு என்னும்போது கலந்து பேசும் இடத்தில் அவர்களும் இருக்க வேண்டும்; இயன்றால் செலவிலும் சேர வேண்டும். நால்வரும் மாதம் 500 ரூபாய் போட்டால் ஆண்டிற்கு 24,000. தாயின் பெயரும் ஊருக்கு அணுக்கமாக உள்ள ஒரு பிள்ளையின் பெயரும் சேர்ந்த கணக்கில் அது இருக்கட்டும். கொடுத்தது பாகத்தில் கழியும் என்றோ கழியாது என்றோ முதலிலேயே எழுதிக் கொள்வது பின்னர் மனக்கசப்பைத் தவிர்க்கும். அதே அளவுள்ள பழைய ஓடு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஊரில் எவரேனும் ஓட்டுவீட்டைப் பிரித்தால் ஓர் இருநூறு ஓடு வாங்கிப் பின்கட்டில் அடுக்கி வைக்கலாம். ஓடு மாற்றும் ஆள் வரும் நாளில் நால்வரில் ஒருவர் அங்கே இருந்து, எந்த வரிசை ஒழுகுகிறது என்று தாயைக் கேட்டுச் சொல்ல வேண்டும். இரவில் எழுந்து பாத்திரம் வைத்தவர் அவரே.